நெய்தலுக்குக் கீழே

கடலைப் பாடாத தமிழ்ப் புலவர் அரிது. கடலுக்குள் என்ன இருக்கிறது என்று பாடியவர் அதனினும் அரிது. நெய்தல் திணையின் கருப்பொருளை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தால் இது விளங்கும். தெய்வம் வருணன், மக்கள் பரதவர், மரம் புன்னையும் ஞாழலும், பறவை கடற்காகம், தொழில் மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும், விலங்கினத்தில் சுறா. இவையெல்லாம் மணலில் நின்றபடியோ, மணலிலிருந்து சற்றே அகன்ற தோணியில் அமர்ந்தபடியோ காணத்தக்கவை. தொல்காப்பியம் இந்நிலத்தை அடையாளப்படுத்துவதே மணலைக் கொண்டுதான். ஆழம் நம் இலக்கியத்தில் பெரும்பாலும் ஓர் அளவை. அன்பின் பெருமையையோ துயரின் பெருக்கையோ சொல்லக் கைக்கொண்ட உவமை. அந்த ஆழத்தில் குடியிருப்பவர் யார் என்று கேட்க அக்காலத்தில் வழி இல்லை. இன்று வழி உண்டு. ஆனால் அதைப்பற்றிப் பேசுவதற்குத் தமிழில் நமக்குச் சொல் உண்டா என்பதே இக்கட்டுரையின் கவலை.

நாம் பணிபுரியும் கல்லூரி வடசென்னையில் உள்ளது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து வரும் பிள்ளைகளே நம் வகுப்புகளில் பெரும்பான்மையினர். ஏனைய திணைகளை நடத்தும்போது ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பர். நெய்தல் என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். 'சுறா' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. எந்தச் சுறா என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வரும். மீன்களுக்கும் காற்றுகளுக்கும் நீரோட்டங்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் சமூகம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வகுப்பு முடிந்த பின்னர், காசிமேட்டு மாணவன் ஒருவன் அகன்ற வாய்ப் பாட்டில் ஒன்றைக் கொணர்ந்து நம் மேசைமீது வைத்தான். விலங்கியல் துறையில் கேட்டு வாங்கிய ஃபார்மலினுக்குள் வெளிறிய நிறத்தில் ஏதோ ஒன்று கிடந்தது.

"சார், இதுக்கு இன்னா பேரு சார்? எங்க நைனா வலையில ஏறிச்சு. ரொம்ப ஆழத்துல இழுத்தப்போ வந்துதாம். கழிசலோட போட இருந்தாரு, நான்தான் எடுத்து வச்சேன்."

கழிசல் என்பது இழுவலையில் சிக்கி மேலே வரும் விலைபோகாத சிறுமீன்களும் பிறவும் சேர்ந்த குவியல். அது உலர்ந்து பொடியாகிக் கோழித் தீவனத்தில் சேரும். மாணவனின் தந்தைக்கும் அதன் பெயர் தெரியவில்லை. துறைமுகத்தில் இருந்த மூத்தவர்களும் "ஏதோ பூச்சி" என்றார்களாம். கடலைப் பற்றி அம்மக்கள் அப்படிச் சொல்லி நாம் கேட்டதில்லை. பெயர் இல்லாத ஒன்று, பெயர் இல்லாததனாலேயே கழிசலுக்குப் போகவிருந்தது என்பது நம் மனத்தை உறுத்தியது.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தோம். உள்ளங்கை நீளத்திற்குச் சற்று மேல் இருக்கும். முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த ஓட்டுத் தகடுகள். அடியில் ஏழு இணைக் கால்கள், நுனிதோறும் கொக்கி. தலையின் இருபுறமும் முக்கோண வடிவில் பெரிய கண்கள். இரண்டு இணை உணர்கொம்புகள். விசிறிபோல விரிந்த வால். பார்த்தவுடன் நினைவுக்கு வந்தது, பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் ஈர மண்ணில் ஓடுமே, சாம்பல் நிறத்தில் அரை விரல்நுனி அளவுள்ள அந்தச் சிறு பூச்சிதான். விலங்கியல் துறை நண்பர் அந்த ஒப்புமை சரியே என்றார். தொட்டிக்கடியில் வாழ்வதும் பாட்டிலில் கிடப்பதும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவினர்களாம். கால்கள் யாவும் ஒத்த வடிவில் இருப்பதால் அவ்வரிசைக்கு ஐசோபோடா என்று பெயர். பாட்டிலில் இருப்பது பாதினோமஸ் என்னும் பேரினம். அதன் கிரேக்க மூலத்தின் முற்பகுதிக்கு ஆழம் என்று பொருள்.

இங்கே தமிழாசிரியருக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுக்கிறது. அதில் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களாக ஒரே இடத்தில் வைக்கிறது. நீரில் ஊர்வதும் காற்றில் பறப்பதும் எப்படி ஒரு வகுப்பாகும் என்று மாணவர் வியப்பதுண்டு. இன்றைய விலங்கியலும் இரண்டையும் கணுக்காலிகள் என்ற ஒரே பெருந்தொகுதியில்தான் வைத்திருக்கிறது. பகுப்பின் அடிப்படை வேறு. ஆயினும் கண் ஒரே திசையில் சென்றிருக்கிறது. நண்டின் இனத்தைச் சார்ந்திருந்தும் பூச்சியின் தோற்றம் கொண்ட இந்த ஆழ்கடல் உயிர், அவ்விரண்டுக்கும் நடுவே வந்து நிற்பதுபோல் நமக்குத் தோன்றியது.

இதன் வரலாறும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற பிரித்தானிய இயற்கையியலாளரின் கருத்தைப் பின்பற்றி, ஏறத்தாழ 300 பாகத்துக்குக் கீழே கடலில் உயிரே இல்லை என்று பலர் நம்பினர். ஒளி இல்லை, குளிர், தாங்கவொண்ணா அழுத்தம். அங்கே எது வாழும் என்பது அவர்கள் வாதம். அந்நம்பிக்கை தளர்ந்துகொண்டிருந்த காலத்தில், 1878இல், அலெக்சாண்டர் அகாசிஸ் நடத்திய ஆய்வுப் பயணத்தில் மெக்சிகோ வளைகுடாவின் ஆழத்திலிருந்து இவ்வினத்தின் இளம் ஆண் ஒன்று மேலே வந்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு விலங்கியலாளர் அல்ஃபோன்ஸ் மில்ன் எட்வர்ட்ஸ் அதனை விவரித்துப் பாதினோமஸ் ஜைஜான்டியஸ் என்று பெயரிட்டார்.

நம் கடலிலும் அது தேடப்பட்டது. 1881இல் பம்பாயில் கட்டப்பட்ட இன்வெஸ்டிகேட்டர் என்னும் அளவைக் கப்பல் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் ஆழ்வலை இறக்கி உயிர்களைச் சேகரித்தது. அதில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஆல்காக், தம் நான்காண்டு அனுபவத்தை 1902இல் நூலாக வெளியிட்டார். அக்கப்பல் சேகரித்தவை கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தை அடைந்தன. 1908இல் ஆர்.இ. லாய்டு என்பவர் பாதினோமஸின் உடற்கூற்றை விரிவாக ஆராய்ந்து அந்த அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் எழுதினார். அன்று இந்தியக் கடலில் கிடைத்ததையும் மெக்சிகோ வளைகுடாவில் கிடைத்ததையும் ஒன்றென்றே கருதினர். 2006இல் லௌரி, டெம்ப்சி என்னும் இரு ஆய்வாளர்கள் இந்தோ பசிபிக் மாதிரிகளை மீண்டும் ஒப்பிட்டு, இந்தியக் கடலுக்குரியதைப் பாதினோமஸ் கீப்ளி என்று தனி இனமாகப் பிரித்தனர். 2018இல் ஜாவாவுக்குத் தெற்கே நடந்த பயணத்தில் கிடைத்து 2020இல் பெயர் பெற்ற இன்னோர் இனத்திற்கு 'ராக்சாசா' என்று பெயர். நம் 'இராட்சதன்' வடமொழியிலிருந்து மலாய்க்கும் போய், அங்கிருந்து ஆழ்கடலுக்கும் இறங்கிவிட்டான்.

இனி அதன் உடலுக்கு வருவோம். சென்னைக் கரையிலிருந்து கிழக்கே சென்றால் சில பத்துக் கிலோமீட்டர்களில் கடலடித் திட்டு முடிந்து தரை சரியத் தொடங்கும். இவ்வினங்கள் வாழ்வது பெரும்பாலும் அத்தகைய சரிவுகளில், சில நூறு மீட்டர் முதல் 2,000 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழம் வரை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பது கணக்கு. அப்படியானால் 1,000 மீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடை. அது நசுங்காமல் இருப்பது ஓட்டின் வலிமையால் அன்று. அதன் உடலுக்குள் நசுங்குவதற்குக் காற்றறை எதுவும் இல்லை. உள்ளும் புறமும் நீர். இருபுறமும் ஒரே அழுத்தம். புரதங்களின் வடிவம் அழுத்தத்தில் குலையாதிருக்க உதவும் வேதிப்பொருள்கள் ஆழ்கடல் உயிர்களின் திசுக்களில் மிகுந்திருக்கும். எதிர்த்து நில்லாமல் உள்ளே இடங்கொடுத்துச் சமன் செய்துகொள்வதே அங்கு வாழும் வழி.

கண்கள் பெரியவை என்றோம். ஜைஜான்டியஸின் ஒவ்வொரு கண்ணிலும் ஏறத்தாழ 4,000 சிறு முகப்புகள் உள்ளன. உட்புறத்தில் பூனையின் கண்ணில் இருப்பதுபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. ஒளித்துளி ஒன்று வந்தால் அதை இருமுறை பயன்படுத்தும் சிக்கனம் அது. கதிரவன் எட்டாத இடத்தில் கண் எதற்கு என்று கேட்கலாம். ஆழத்தில் ஒளி முற்றிலும் இல்லாமற் போவதில்லை. பல உயிர்கள் தாமே ஒளிர்கின்றன. ஆயினும் இருளில் அதற்குப் பெருந்துணை கண்ணன்று. மணத்தையும் தொடுகையையும் அறியும் உணர்கொம்புகளே.

மூச்சுவிடும் முறை இன்னும் வியப்பானது. அடிவயிற்றில் உள்ள தட்டையான நீந்து கால்களே அதன் செவுள்கள். உடல் பெரிதாகையால் அவை போதவில்லை. எனவே அவற்றோடு மரக்கிளைபோல் பிரியும் கூடுதல் செவுட் கொத்துகள் அமைந்துள்ளன. தொட்டிக்கடியில் வாழும் அதன் சிறு உறவினரும் வயிற்றடிக் கால்களால்தான் சுவாசிக்கிறது. அதனால்தான் ஈரம் இல்லாத இடத்தில் அதனால் வாழ இயலாது. அதன் பெண் தன் குஞ்சுகளைச் சுமக்கும் பையில் சிறிது நீரை வைத்திருக்கும். கடலை விட்டு நிலமேறி எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆன பின்னும் ஒரு துளிக் கடலைத் தன்னோடு தூக்கிக்கொண்டு திரிகிறது நம் வீட்டுப் பூச்சி.

உணவுதான் ஆழ்கடலின் தலையாய சிக்கல். ஒளி இல்லாத இடத்தில் பச்சையம் இல்லை. பச்சையம் இல்லாத இடத்தில் விளைச்சல் இல்லை. மேலே வாழ்ந்தவற்றின் உதிரிகள், கழிவுகள், இறந்த நுண்ணுயிர்கள் ஆகியவை துகள்களாக ஓயாது கீழே விழுந்துகொண்டிருக்கும். இதனைக் கடற்பனி என்பர். எப்போதாவது ஒரு மீனோ திமிங்கிலமோ இறந்து முழு உடலாக இறங்கும். அந்த 'எப்போதாவது' என்பதைச் சுற்றியே பாதினோமஸின் உடல் வார்க்கப்பட்டிருக்கிறது. கிடைத்தபோது நகர முடியாத அளவுக்கு உண்ணும், பெருத்த வயிற்றில் நிறைக்கும், கொழுப்பாகச் சேமிக்கும், பிறகு உடலின் செலவை மிகக் குறைத்துக்கொண்டு இருக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2019இல் மெக்சிகோ வளைகுடாவில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஆழத்தில் இறந்த முதலைகளை இறக்கிப் பார்த்தனர். ஒரு நாளைக்குள் இராட்சத ஐசோபோடுகள் வந்து சேர்ந்து, முதலையின் தடித்த தோலைத் துளைத்து உள்ளே புகுந்திருந்தன. அவ்வுயிர் அதற்கு முன் முதலையைக் கண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. என்ன விழுந்தாலும் அது தன் உணவு என்பதே அங்குள்ள அறம்.

பட்டினியின் மறுகோடியையும் மனிதர் பார்த்திருக்கின்றனர். ஜப்பானின் டோபா நீர்வாழ் காட்சியகத்தில் 2007 முதல் வளர்ந்த ஜைஜான்டியஸ் ஒன்று, 2009 ஜனவரி 2ஆம் நாள் ஒரு மீனை உண்டது. அதன்பின் எது கொடுத்தும் தொடவில்லை. 2014 பிப்ரவரி 14இல் இறந்தது. ஐந்தாண்டுக்கும் மேல் அது உண்டதை யாரும் காணவில்லை. இச்செய்தியை வகுப்பில் சொன்னபோது 'தவம்' என்றாள் ஒரு மாணவி. 'வடக்கிருத்தல்' என்றான் இன்னொருவன். அழகான சொற்களே. ஆயினும் நாம் அவற்றை ஏற்கத் தயங்கினோம். தவமும் வடக்கிருத்தலும் உண்ண முடிந்தவர் உண்ணாதிருக்கத் துணிவது. இங்கே இருப்பது துணிவு அன்று. இல்லாமையே வழக்கமான உலகில் உருவான உடலின் கணக்கு. ஓர் உயிரை நம் அறநூலின் பாத்திரமாக்கிவிட்டால் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவோம் என்ற அச்சமும் நமக்கு உண்டு.

இனப்பெருக்கத்தைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். கடலில் இலட்சக்கணக்கில் முட்டையிட்டு, பிழைப்பது பிழைக்கட்டும் என்று விட்டுவிடும் உயிர்கள் மிகுதி. பாதினோமஸ் அவ்வாறன்று. முதுகெலும்பற்ற கடலுயிர்களின் முட்டைகளில் இதனுடையவை மிகப் பெரியவற்றுள் அடங்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். எண்ணிக்கை குறைவு. தாய் அவற்றை மார்படிப் பையில் சுமக்கும். குஞ்சுகள் நீரில் மிதந்து திரியும் பருவம் இன்றி, ஓர் இணைக் கால் மட்டும் குறைவாக, தாயின் சிறு வடிவிலேயே வெளிவரும். அவை ஓரிடத்தில் அழிந்தால், தொலைவிலிருந்து நீரோட்டத்தில் மிதந்து வந்து அவ்விடத்தை நிரப்பக் குஞ்சுகள் இல்லை. மெல்ல வாழ்ந்து, சிலவாகப் பெற்று, அருகிலேயே தங்கும் உயிர் இது. இழுவலை ஒரே நாளில் அள்ளுவதை ஈடுசெய்யும் வேகம் அதற்கு இல்லை. வியட்நாமில் இன்று இது விலையுயர்ந்த உணவு. அங்கு மீனவரிடமிருந்து வாங்கிய மாதிரிகளிலிருந்தே 2025இல் பாதினோமஸ் வேடரி என்ற புதிய இனம் விவரிக்கப்பட்டது. அறிவியல் அதற்குப் பெயர் வைப்பதற்கு முன்பே சந்தை விலை வைத்துவிட்டது.

வடசென்னையில் வாழ்வோர்க்கு, மேலிருந்து விழுவதை ஏற்று வாழ்தல் என்பது புதிய செய்தி அன்று. நகரத்துக்கு மின்சாரமும் எரிபொருளும் சரக்கும் வேண்டும். அவற்றின் சாம்பலும் எண்ணெயும் தூசும் நகரத்தின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழ வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கதையை நம் மாணவர்கள் தந்தையர் வாயிலாக அறிவர். 2017 ஜனவரி 28இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் அதை வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவி, வலைகளும் படகுகளும் அலையாத்திகளும் கறுத்தன. இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் மக்களின் கைகளும்.

அவ்வாறு விழுபவை கழிமுகத்தோடு நின்றுவிடுவதில்லை. பசிபிக் ஆழ்குழிகளில் வாழும் ஆம்பிபோடுகள் பாதினோமஸுக்குத் தூரத்து உறவினர். பல பத்தாண்டுகளுக்கு முன்பே தடைசெய்யப்பட்ட தொழிற்சாலை நச்சுகள் அவற்றின் உடலில் மிகுந்திருப்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. மரியானா அகழியில் 6,000 மீட்டருக்கும் கீழே கிடைத்த ஓர் இனத்தின் குடலில் ஞெகிழி இழை இருந்தது. 2020இல் அதற்கு யூரிதெனீஸ் பிளாஸ்டிகஸ் என்று பெயரிட்டனர். நாம் அறிந்துகொள்வதற்கு முன்பே நம் குப்பை அதைச் சென்றடைந்துவிட்டது. விழுவது எதுவாயினும் உண்ணும்படி அமைந்த உடலுக்கு, விழுவதில் எது உணவு, எது உணவல்ல என்று பிரிக்கும் உறுப்பு வாய்க்கவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதற்குத் தேவை இருக்கவுமில்லை.

இனி நாமே நேரில் இறங்கப்போகிறோம். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டுசெல்வதற்காகச் சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 ஊர்தி, 2025 ஜனவரி 27 முதல் பிப்ரவரி 12 வரை காட்டுப்பள்ளித் துறைமுக நீரில் சோதிக்கப்பட்டது. எண்ணூருக்குச் சற்று வடக்கே உள்ள ஊர் அது. ஆராய்ச்சியில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஆழத்தின்மீது நாட்டுக்குள்ள ஈடுபாடு அறிவுத் தேடல் மட்டுமன்று. நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உலோக முடிச்சுகளை ஆராயும் உரிமையை இந்தியா பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் 2002இல் செய்த ஒப்பந்தத்தால் பெற்றிருக்கிறது. அந்த முடிச்சுகள் சில மில்லிமீட்டர் வளர்வதற்குப் பத்து இலட்சம் ஆண்டுகள் ஆகும். அங்குள்ள ஆழம் பாதினோமஸ் வாழும் சரிவைக் காட்டிலும் மிகுதி. அங்கே வாழ்பவை வேறு உயிர்கள். அவற்றுள் பலவற்றுக்கு எந்த மொழியிலும் பெயர் இல்லை. தரை வாரப்படும்போது எழும் சேறு எவற்றின்மீது படியும் என்ற கேள்வியை, பெயரே இல்லாதவற்றின் சார்பில் யார் கேட்பது?

ஆகவேதான் நமக்குப் பெயர் முக்கியமாகப்படுகிறது. பெயரிட்டால் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நாம் நம்பவில்லை. நமது கழிமுகத்தின் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் உண்டு, அவை என்ன ஆயின என்பதையும் அறிவோம். ஆயினும் பெயர் உள்ளது போனால் போயிற்று என்று சொல்லவாவது ஒருவர் இருப்பார். பெயர் இல்லாதது கழிசலோடு கழிசலாகப் போகும்.

நாளேடுகள் இதைக் கடல் கரப்பான் என்று எழுதுவதுண்டு. கரப்பானோடு இதற்கு நெருங்கிய உறவில்லை. மிதித்துவிடத் தோன்றும் சொல்லும்கூட. அந்த வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டபோது பத்துக்கு மேற்பட்ட பெயர்கள் வந்தன. எண்ணூர் மாணவி ஒருத்தி சொன்ன 'காத்திருப்பான்' என்பதே நமக்குப் பிடித்திருந்தது. கரப்பான், பூரான் என்னும் சொல்வரிசையில் அது இயல்பாக உட்கார்கிறது. பாட்டிலைக் கொணர்ந்தவன் மட்டும் ஒப்பவில்லை. "பேரு கடல்ல போறவங்கதான் சார் வைக்கணும்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு.

எனவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தூத்துக்குடி, குளச்சல், நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளிலும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலைக் கரைகளிலும் ஆழத்தில் வலையிழுப்போர் உளர். அவர்கள் வலையிலும் இது ஏறியிருக்கக்கூடும். ஏழு இணைக் கால், தகடு தகடாக முதுகு, முக்கோணக் கண் என்று அடையாளம் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எங்கேனும் ஒரு துறையில் இதற்கு வழங்கும் பெயர் ஒன்று கிடைத்தால், எழுதித் தெரிவியுங்கள். அதுவரை பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டில் இலத்தீன் பெயரின் கீழே ஓரிடத்தை நாம் வெறுமையாக விட்டுவைத்திருக்கிறோம்.